மாகாணி மறைந்த காலம்: கருவியும் சிந்தனையும் பற்றிப் பழவங்காடிச் சான்றுகள் சில

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையை ஒட்டி, கணபதி கோயிலைச் சூழ்ந்துள்ள பகுதி பழவங்காடி என வழங்கப்பெறுகிறது. பழைய அங்காடி என்பது பெயர்ப்பொருள். தமிழில் 'ங்க்' என நிற்கும் மெய்ம்மயக்கம் மலையாளத்தில் 'ங்ங்' என ஆவதை ஏ. ஆர். இராசராச வர்மா கேரளபாணினீயத்தில் ஒரு பொதுவிதியாக விளக்கியுள்ளார். அவ்விதிப்படி மலையாளிகள் நாவில் இப்பெயர் 'பழவங்ஙாடி' என ஒலிக்கும். இங்குள்ள தமிழ் வணிகர் 'பழவங்காடி' என்பர். ஒரே தெருவில் இரு வடிவங்களையும் நாள்தோறும் கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராசா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவும் இதற்கு மிக அருகிலேயே உள்ளது. கோயிலுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட கடை ஒன்றில் 2012ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அவ்வாண்டில் மாணவர் நால்வருடன் பழைய நெற்கணக்கு ஓலை ஒன்றின் ஒளிப்படியைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தெளிவாகவே இருந்தது. ஆனால் அளவுப்பெயர்களை அடுத்து 'வ' என்னும் எழுத்தும் 'ப' என்னும் எழுத்தும் தனித்தனியே வந்துகொண்டிருந்தன. 'வ' என்பது 'வரவு' என்பதன் சுருக்கம் என மாணவர் கொண்டனர், நானும் மறுக்கவில்லை. 'ப' என்பதற்குப் 'பற்று' என்றும் 'பதர்' என்றும் இரு கருத்துகள் எழுந்தன. கணக்கு மட்டும் எவ்வாறு கூட்டினும் ஒத்துவரவில்லை. எண்பதை எட்டிக்கொண்டிருந்த தமிழ் வணிகர் ஒருவரிடம் படியைக் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. 'வ' என்பது வரவன்று, கால். 'ப' என்பது ஒரு மா என்றார். நாங்கள் ஒரு வாரமாகக் கூட்டிப் பார்த்த தொகையை அவர் கடை வாயிலில் நின்றபடியே கூறிவிட்டார்.

பின்னர் அவர் தாமாகவே ஒரு தீர்ப்பும் வழங்கினார். கால்குலேட்டர் வந்து கணக்கைக் கொண்டுபோயிற்று. செல்போன் வந்து பேச்சையும் கொண்டுபோயிற்று. இனி மனிதர்க்கு மிஞ்சப்போவது ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. இது அவர் ஒருவர் கருத்தன்று. எழுத்து வந்தால் நினைவாற்றல் மங்கும் என்னும் அச்சத்தைப் பிளேட்டோவின் ஃபீட்ரஸ் உரையாடலிலேயே காண்கிறோம். இன்று மொழிபெயர்ப்புப் பொறிகளையும் கட்டுரை எழுதித்தரும் பொறிகளையும் பற்றி நம் துறையினர் கூடுமிடங்களில் எழும் கவலையும் இதன் வழிவந்ததே. கவலை நியாயமானதா என்பதைப் பொதுவில் வாதிட்டுத் தீர்க்க இயலாது. ஆனால் சொல்லின் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஒரு வசதி உண்டு. ஒரு சொல் எப்போது வழக்கிலிருந்து நீங்கியது என்பதையும், குற்றம் சாட்டப்பட்ட கருவி எப்போது வந்தது என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதியவரின் தீர்ப்பை அவ்வகையில் சோதிப்பதே இங்கு நோக்கம்.

கீழ்வாய் எண்களின் அமைப்பு

பின்னங்களைத் தமிழ்க் கணக்கு மரபு கீழ்வாய் எண்கள் என்னும். முக்கால், அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16) என ஒரு வரிசை. நாலு மா (1/5), மூன்று மா (3/20), இரு மா (1/10), ஒரு மா (1/20), அரை மா (1/40), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என மற்றொரு வரிசை. முன்னது இரண்டால் பகுத்துச் செல்வது. பின்னது இருபதில் ஒன்றைத் தலையாகக் கொண்டு அதனைப் பகுப்பதும் பெருக்குவதும். இரண்டும் முந்திரியில் சந்திக்கின்றன. பதினாறையும் இருபதையும் பெருக்கினால் 320; ஆகவே ஒரு மாவில் மாகாணி முந்திரியாகும். அதற்கும் கீழே, முந்திரியை ஒன்றெனக் கொண்டு மீண்டும் அதே வரிசை தொடங்கும். கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும். இவ்வளவு நுண்ணிய அளவு எந்தக் கடைக்கும் வயலுக்கும் தேவைப்பட்டிராது என்றே தோன்றுகிறது. அமைப்பு தன் போக்கில் வளர்ந்துவிட்ட இடம் அது. மொழியிலும் இத்தகைய இடங்கள் உண்டு.

மலையாளத்திலும் கால், அர, முக்கால் ஆகியவற்றோடு மாகாணியும் அரைக்காணியும் வழங்கின. அவற்றுக்குத் தனிக் குறியீடுகளும் இருந்தன. ஆகவே பழவங்காடியில் தமிழரும் மலையாளிகளும் பின்னம் பேசும்போது மொழிபெயர்ப்பு ஏறத்தாழத் தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டு நெற்கணக்கும் திருவனந்தபுரத்துக் கோயிற்கணக்கும் ஒரே பின்ன அறிவின்மீது இயங்கின.

நாணயமும் சொல்லும்

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரமே எல்லைப்புற வணிகத்தின் தலைவலி. ஐந்து பிரிட்டிஷ் ரூபாய்க்கு 142½ சக்கரம் என்பதை மனத்தால் கணிக்க இயலாதவர் சாலையில் கடை வைத்திருக்க முடியாது. இங்கு நோக்கத்தக்கது 16 என்னும் எண். ஒரு காசு என்பது மாகாணிச் சக்கரம். அவ்வாறே 16 அணா கொண்ட ரூபாயில் ஓரணா என்பது மாகாணி ரூபாய், இரண்டணா அரைக்கால், நாலணா கால். ஆகவே மாகாணி என்னும் சொல் வாய்பாட்டில் மட்டும் வாழவில்லை. ஒவ்வொருவர் மடியிலும் உலோகமாக இருந்தது.

1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அதன்பின் சக்கரமும் காசும் வழக்கொழிந்தன. 1957 ஏப்ரல் முதல் நாள் இந்திய ரூபாய் நூறு நயாபைசாக்களாகப் பகுக்கப்பட்டது. அன்றுமுதல் மாகாணி ரூபாய் என்பது 6.25 பைசா, அத்தகைய நாணயம் இல்லை. அரைக்கால் 12.5; அதுவும் இல்லை. கால் மட்டும் 25 பைசாவாகவும் அரை 50 பைசாவாகவும் பிழைத்துக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் எடைகளும் அளவைகளும் வந்து நாழியையும் இடங்கழியையும் பறையையும், பலத்தையும் வீசையையும் கடையிலிருந்து அகற்றின.

சொற்களின் பிழைப்பும் மறைவும் இந்தக் கோட்டின்படியே அமைந்துள்ளன. கால், அரை, முக்கால் என்னும் மூன்றையும் இன்றும் குழந்தைகள் அறிவர். 'நாலணா' என்னும் சொல் அணா ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்தும் 25 பைசாவைக் குறித்து வழங்கியது. அந்நாணயமே 2011 ஜூனில் செல்லாததாகும்வரை அதற்கு இடையூறு இல்லை. 'ஓரணா', 'மூன்றணா' முதலியன அவ்வாறு தப்பவில்லை. மா என்னும் பின்னம் கடையில் மறைந்தது. ஆனால் தஞ்சைப் பகுதியில் வேலியில் இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் நில அளவாக நிலைபெற்றது. அங்கு அதற்குப் பொருளும் புழக்கமும் இருந்தன என்பதே காரணம்.

இப்போது குற்றஞ்சாட்டப்பட்ட கருவியின் காலத்தை நோக்குவோம். சட்டைப்பையில் அடங்கும் மின்னணுக் கணிப்பான் உலகச் சந்தைக்கே 1970களின் தொடக்கத்தில்தான் வந்தது; நம் கடைத்தெருக்களுக்கு அதனினும் பிற்பட்டே வந்தது. மாகாணியை ஒழித்தது கால்குலேட்டர் அன்று. அது வந்தபோது மாகாணி இறந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. முதியவரிடமே மாகாணிக் கணக்கைக் கடையில் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று வினவினேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, நயாபைசா வந்த பிறகு போட்டதாக நினைவில்லை என்றார். இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள முரண் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் வீடு திரும்பிய பின்னரே தோன்றியது.

சொல் மறைந்தால் திறனும் மறைந்ததாகுமா என்பது வேறு வினா. பத்தின் அடுக்கில் மனக்கணக்குப் போடும் பழக்கம் 1957க்குப் பின்னரும் கடைகளில் இருந்தது. நீண்ட பட்டியலை ஒரே பார்வையில் கூட்டிச் சொல்லும் கணக்கர்களை என் இளமையில் கண்டிருக்கிறேன். அத்திறன் குன்றியதில் கணிப்பானுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. முதியவர் இரு வேறு இழப்புகளை ஒன்றாகக் கண்டார். அதுவே அவர் பிழை. ஒன்றை அரசின் நாணயச் சட்டம் செய்தது. மற்றொன்றைக் கருவி செய்தது. கருவி கண்ணுக்குத் தெரிகிறது, சட்டம் தெரிவதில்லை.

மற்றொன்றையும் கூறவேண்டும். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் சிறு பணத்தையும் வெள்ளிச் சக்கரத்தையும் எண்ணுவதற்குத் திருவிதாங்கூரில் குழிகள் நிறைந்த மரப்பலகை வழங்கியது. நாணயக் குவியலை அதன்மேல் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக நாணயங்கள் அமரும். மிகுதியை வழித்துவிட்டால், பலகையின் குழிகள் எத்தனையோ அத்தனை நாணயம். எண்ண வேண்டியதே இல்லை. மனித மூளையின் வேலையை மரத்திடம் ஒப்படைத்த இக்கருவியால் எண்ணும் திறன் கெட்டது என எவரும் புலம்பியதாக நான் படித்ததில்லை. நாம் பிறக்கும்முன் வந்த கருவிகள் நமக்குக் கருவிகளாகவே தோன்றுவதில்லை போலும்.

எண்ணும் குரல்

பேச்சு போயிற்று என்னும் இரண்டாம் குற்றச்சாட்டைச் சோதிப்பது இதனினும் கடினம். ஆயினும் கடைத்தெருவில் ஒரு சான்று உண்டு. தானியத்தைப் படியால் அளப்போர் முதல் படியை 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று தொடங்கி, இரண்டு, மூன்று என உரக்க எண்ணுவர். இது அளப்பவர் தம் நினைவுக்காக எண்ணுவது மட்டுமன்று. வாங்குபவரும் அருகில் நிற்பவரும் கேட்குமாறு சொல்வது. எண்ணுப்பெயர் இங்கு ஒரு சாட்சியம். இவ்வழக்கம் நலிந்ததும் முகத்தலளவை நீங்கி நிறுத்தலளவை வந்தபோதுதான். மின்னணுத் தராசு அதற்குப் பிற்பட்டது.

இன்றைய நிலை வேடிக்கையானது. 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் பணம் செலுத்தும்போது விற்பவரும் வாங்குபவரும் தொகையைச் சொல்லவேண்டிய தேவை குறைந்துவிட்டது. மேசைமேல் உள்ள சிறு ஒலிப்பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என உரக்க அறிவிக்கிறது. சாட்சியம் மீண்டும் குரலாயிற்று. குரல் மட்டும் மனிதருடையதன்று. இதனால் உறவு குன்றியதா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. 'வெள்ளம்' என்று மலையாளி கேட்டால் குடிநீரும் தமிழர் சொன்னால் பெருக்கும் என்றும், 'சம்சாரம்' என்பது ஒருவர்க்குப் பேச்சு, மற்றவர்க்கு மனைவி என்றும் அறிந்து, எதிரில் நிற்பவர் முகம் பார்த்தே பொருள்கொள்ளும் பழவங்காடிக் கடைக்காரரின் திறன் ஒலிப்பெட்டிக்கு உரியதன்று என்பதை மட்டும் கூறலாம். அத்திறன் இன்றும் அங்கு உள்ளது.

திண்ணைப் பள்ளியும் அதன் வாயிலும்

கீழ்வாய் எண்களைக் கற்பித்த இடம் திண்ணைப் பள்ளி. எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவற்றைச் சட்டாம்பிள்ளை முன்சொல்ல, ஏனையோர் ஒரே குரலில் பின்சொல்வர். எழுதுதல் மணலில் தொடங்கி ஓலையில் முடியும். நினைவே இங்கு முதன்மையான ஏடு. ஆயினும் அந்நினைவு தனி ஒருவர் மூளைக்குள் மட்டும் இருந்ததன்று. ஒருவர் மறந்த இடத்தில் பக்கத்துக் குரல் தாங்கும். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், 'மலபார்' பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் விரிவாக்கி, 1797இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். அக்கால ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்றனர் என்பது நம் வாசகர் அறிந்ததே. இவ்வாறு நம் திண்ணையின் முறை இங்கிலாந்தின் ஏழையர் பள்ளிகளுக்குச் சென்றது.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவோர் இரண்டை மறந்துவிடுகின்றனர். ஒன்று, கோதண்டம். கயிற்றில் தொங்கவிடும் அத்தண்டனையும் அப்பள்ளியின் பாடத்திட்டமே. மற்றொன்று, வாயில். அது யாவர்க்கும் திறந்திருக்கவில்லை. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்னும் 1817ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அரசாணைக்குப் பின்னும், ஒரு நூற்றாண்டளவும் புலையர் குழந்தைகள் பள்ளியின் வெளியிலேயே நின்றனர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி, திருவனந்தபுரத்தை அடுத்த ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அழைத்துச் சென்றார்; பள்ளி தீக்கிரையாயிற்று. அச்சிறுமியின் வழிவந்தோர்க்கு அச்சிட்ட பாடநூலும் கரும்பலகையும் எந்தத் திறனையும் குறைக்கவில்லை. பண்டு இருந்த சிந்தனைத் திறன் இன்று இல்லை என்று அளக்கும்போது, பண்டு யாரை அளந்தோம் என்று கேட்பது முறை. மாகாணி வாய்பாடு சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? பிறர் சொல்லும் கணக்கை நம்பிக் கைந்நீட்டி நெல் பெற்றவர்கள் எத்தனை பேர்?

நினைவின் பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர் ஓலையில் எழுதினர் என்பதை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். அத்தகைய ஆசிரியரிடம் பயின்று, பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கோவையும் தலபுராணமும் திரளாகக் கற்றிருந்த ஐயரை 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சந்தித்தார். கற்றவற்றின் பட்டியலைக் கேட்ட முதலியார் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் அதனைப் படித்ததில்லை. தமிழ் நினைவாற்றலின் உச்சியில் நின்ற ஒரு கல்விமரபு சிந்தாமணியையும் புறநானூற்றையும் பாடத்தில் வைத்திருக்கவில்லை. 1887இல் சீவகசிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என அவை மீண்டது தாளாலும் அச்சாலும். மனப்பாடம் எதைக் காத்தது என்று மட்டும் கேட்கிறோம்; எதைக் கைவிட்டது என்றும் கேட்கவேண்டும்.

நம் துறையின் கணக்கு

லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆய்வு செய்த சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் 1981இல் வெளியிட்ட நூல் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அம்மக்களிடையே வீட்டில் கற்கும் வாய் எழுத்து, குர்ஆன் பள்ளியின் அரபு எழுத்து, அரசுப் பள்ளியின் ஆங்கிலம் என மூன்று எழுத்தறிவுகள் தனித்தனியே இருந்தன. எழுத்தறிவு என்பதால் மட்டும் பொதுவான சிந்தனைத் திறன் உயரவில்லை. வரிசையாக மனப்பாடம் செய்யும் குர்ஆன் மாணவர் அவ்வகை நினைவுச் சோதனையில் சிறந்தனர். மடல் எழுதிப் பழகியோர் தெளிவாக விளக்குவதில் சிறந்தனர். பழகியது கைவந்தது, பழகாதது வரவில்லை. இணையத்தில் கிடைக்கும் என அறிந்தால் மனிதர் செய்தியை நினைவில் கொள்வதில்லை எனச் சயின்ஸ் இதழ் 2011இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. 2018இல் வெளிவந்த மறுசோதனைத் திட்டத்தில் அதன் சோதனைகளில் ஒன்று முந்தைய முடிவைத் தரவில்லை என்பது அத்துணைப் பேசப்படவில்லை.

நம் கையையும் பார்க்கவேண்டும். வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவ்வகை அடைவுகளைச் சீட்டுகளில் எழுதி அடுக்கிய தலைமுறையினர் சிலரிடம் நான் பயின்றேன். ஒரு சொல்லைக் கேட்டால், அது வரும் இடத்தோடு அதன் முன்பின் அடிகளும் அவர்கள் நாவில் வரும். மனப்பாடம் செய்ய அவர்கள் முயன்றதில்லை. சீட்டு எழுதிய கையின் கூலி அது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றால் இன்று அச்சொல்லை நொடியில் தேடிப் பெறுகிறோம். தேடிய சொல் கிடைக்கிறது. தேடாத முன்பின் அடிகள் கிடைப்பதில்லை. புறநானூற்றில் என் ஆசிரியர்க்கு இருந்த பழக்கம் எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. மறுபுறம், நூறு நூல்களில் ஒரு விகுதியின் பரவலைக் காணும் வாய்ப்பு அவர்க்கு இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் நிலை இதனினும் நுட்பமானது. 2017இல் கூகுள் நிறுவனம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு நரம்பு வலையமைப்பு மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தபின், வெற்றுத்தாளில் தொடங்கும் மொழிபெயர்ப்புக் குறைந்து, பொறி தந்ததைத் திருத்தும் வேலை பெருகியுள்ளது. திருத்துவதும் சிந்தனையே, ஆயினும் வேறு சிந்தனை. முதல் தொடரை நாமே தேடும்போது கைவிட்ட நான்கு தொடர்கள் நமக்குத் தெரியும். பொறி தந்ததில் அது கைவிட்டவை தெரிவதில்லை. மாணவர்க்கு முதல் இரண்டாண்டுகளேனும் பொறியின்றிப் பயிற்சி தரவேண்டும் என்பது என் கருத்து. இதனைப் பொறியின்மீது ஏற்றும் குற்றமாகக் கொள்ளவேண்டா. மாகாணி மறைந்தபோது கருவியைப் பழித்தோம். பாடத்திட்டத்திலிருந்து யார், எந்நாளில் எடுத்தார் என்பதைக் குறித்துவைக்கவில்லை. இம்முறை குறித்துவைக்கலாம்.

பழைய பின்னக் குறியீடுகள் இப்போது கணினியில் உள்ளன. மலையாளச் சிறுபின்னங்கள் 2016இலும், தமிழ்ப் பின்னங்களும் பிற பழங்குறிகளும் அடங்கிய 51 குறியீடுகள் 2019இலும் ஒருங்குறியில் இடம்பெற்றன. பழவங்காடிக்கு அருகே, கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஓலைகளின் ஒளிப்படிகளைப் பொறியே படிக்குமாறு செய்யும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அதற்கு முதலில் எந்த 'வ' எழுத்து, எந்த 'வ' கால் என்று மனிதர் ஒருவர் ஆயிரக்கணக்கான இடங்களில் குறித்துத் தரவேண்டும். நெல்லளவை அடுத்து வந்தால் கால் என்று விதி வகுக்கலாம். ஆனால் வரவுப் பட்டியலில் நெல்லளவை அடுத்து 'வரவு' என்பதன் சுருக்கமும் வரக்கூடும். கணக்கைக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய இயலும்.

2012இல் அம்முதியவரிடம் மறுமுறை சென்றபோது கீழ்வாய் இலக்க வாய்பாட்டைச் சொல்லக் கேட்டுக் கைப்பேசியிலேயே பதிவு செய்துகொண்டேன். வேறு கருவி அன்று கையில் இல்லை. பதிவு ஏறத்தாழ நாற்பது நிமிடம். மூன்று மா வரும் இடத்தில் அவர் தடுமாறி நிற்கிறார். அப்போது உள்ளறையிலிருந்து, பள்ளிக்கே சென்றிராத அவருடைய தமக்கையாரின் குரல் அடியெடுத்துக் கொடுக்கிறது, அவர் தொடர்கிறார்.